ரிப்பீட்டர் கணக்கில் வராது

நீ வெள்ளிக்கிழமை போனில் சொன்னதை நான் கோமதியிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. மறந்துபோய்விட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். காரணத்தைப் போனில் விளக்க முடியாது. பாதி சொல்வதற்குள் "சரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுவாய். எனக்கும் வாயால் நீளமாகப் பேச வராது. உட்கார்ந்து எழுதினால்தான் நினைப்பது வார்த்தையாகிறது. பெங்களூரில் ஆபீஸ் பஸ் நகர்வதே இல்லை என்று குறைப்படுகிறாயே, அந்த நேரத்தில் படி.

விஷயம் இதுதான். மாசியில் உனக்கும் கோமதிக்கும் கல்யாணம். கல்யாணம் முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூரில் உன் பெரியப்பா வீட்டு விருந்து. புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முதல் விருந்து தன் வீட்டில்தான் என்று நிச்சயதார்த்தத்தன்றே அவர் சொல்லிவிட்டார். அதே ஞாயிற்றுக்கிழமைதான் நானும் கோமதியும் வருடா வருடம் சேர்ந்து கலந்துகொள்ளும் ரேடியோப் போட்டியும் வருகிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கரட்டின் மேல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒருத்தி போக முடியாது. நீ சொன்னாய்: "நீ சொன்னா அவ கேப்பாம்மா. இந்த ஒரு வருசம் போட்டி வேண்டாம், விருந்துக்குப் போவோம்னு நீயே சொல்லிரு. நான் சொன்னா நல்லாருக்காது." நான் "பாக்கேன்" என்றேன். நம் வீட்டில் "பாக்கேன்" என்றால் சரி என்று அர்த்தம். அந்தச் சரியைத்தான் இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

போட்டி என்றால் என்னவென்று உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். பேட்டரி சுமந்திருக்கிறாய், ஆன்டெனாக் கம்பம் பிடித்திருக்கிறாய். ஆனால் பெரும்பாலும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நின்றாய். அதனால் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவர்கள் பல அலைவரிசைகளில் பேசலாம். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி உலகத்தையே சுற்றும். எங்கள் போட்டி நடக்கிற வி.எச்.எஃப், யு.எச்.எஃப் அலைகள் அப்படி இல்லை. ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். நமக்கு மேற்கே முழுதும் மலை. அதனால்தான் இளையரசனேந்தல் போகிற வழியில் இருக்கிற அந்தப் பாறைக் கரட்டில் ஏறுகிறோம். அங்கிருந்து கிழக்கே கரிசல் காடு தடையில்லாமல் கிடக்கிறது. கூப்பிட்டால் தூத்துக்குடிக்காரர் வருவார், மதுரைக்காரர் வருவார், செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சில நாள் கொல்லத்துக்காரரும் வருவார். எவ்வளவு தூரமோ அவ்வளவு புள்ளி.

ஒரு தொடர்பு கணக்கில் சேர வேண்டுமானால் எதிர்முனையில் இருப்பவர், ரேடியோவில் தன் பெயராக இருக்கும் அழைப்புக் குறியையும், நம் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதையும், தன் வரிசை எண்ணையும், தான் இருக்கும் கட்டத்தையும் சொல்ல வேண்டும். உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரும் புளியங்குடியும் ஒரே கட்டம், தென்காசி அடுத்த கட்டம். அவர் சொன்னதை நாமும் நாம் சொன்னதை அவரும் முழுதாகக் கேட்டு, கேட்டோம் என்று சொல்லி முடித்தால்தான் அது தொடர்பு. பிறகு இரண்டு பேர் எழுதியதையும் ஒப்பிடுவார்கள். பொருந்தாதது கழிந்துவிடும்.

ரிப்பீட்டர் என்று ஒன்று உண்டு. உயரமான இடத்தில் வைத்த ஒரு பெட்டி. சின்ன ரேடியோவின் மெலிந்த குரலை வாங்கி, அதையே பலமாகத் திருப்பி அனுப்பும். சாதாரண நாளில் நான் அடுப்பு மேடைப் பக்கம் கை ரேடியோவை வைத்துக்கொண்டு தோசை ஊற்றியபடியே மதுரைக்காரர்களோடு பேசுவது அதன் உபயம்தான். போட்டியன்று அதற்கு அனுமதி இல்லை. ரிப்பீட்டர் வழியாகப் பேசியது கணக்கில் வராது. நடுவில் ஒருவர் கேட்டுச் சொல்வதும் வராது. போன், வாட்ஸ்அப் எதுவும் ஆகாது. நீ அங்கே, நான் இங்கே, நடுவில் காற்று மட்டும்.

கோமதியை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். நான் பள்ளி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தனியாகப் படித்துத் தேர்வெழுதி உரிமம் வாங்கியிருந்த புதிது. நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். போட்டிக்கு முதல்முறையாகத் தனியாகக் கரட்டில் ஏறி, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காய்ந்துபோன நேரத்தில் புளியங்குடியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. மாடியில் நின்று கை ரேடியோவில் பேசுகிறாள். எண் கொடுத்தாள், கட்டம் கொடுத்தாள், எல்லாம் முறையாக முடிந்தது. முடிந்த பிறகு, "மேடம், நீங்க நிசமாவே பொம்பளதானா? இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் அண்ணாச்சிமாருதான்" என்றாள். அடுத்த வருடம் அவளே பஸ் ஏறி வந்து என்னோடு கரட்டில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் மைக்கில், நான் ஆன்டெனாவைத் திருப்பி, தொடர்புகளைப் பதிகிற லாக் எழுதுவேன். என்னைக் கூப்பிடுவது "அக்கா". உங்கள் கல்யாணப் பேச்சு முடிவான பிறகு "அத்தை" என்று கூப்பிட வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. வாய் வராமல், ஒரு மாதம் என் அழைப்புக் குறியைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சென்ற வருடப் போட்டியன்று காலையில் நீயும் இருந்தாய். ஊருக்கு வந்திருந்த உன்னை உன் அப்பாதான் எங்களோடு அனுப்பினார். அதுவும் என் வழியாகத்தான். "அவன கூட்டிட்டுப் போ, கம்பத்தப் பிடிக்கட்டும்" என்று உன் முன்னாலேயே என்னிடம் சொன்னார். வெயில் ஏறாத நேரம். கடல் மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கிற அந்த மாதிரிக் காலைகளில் அலைகள் வழக்கமான தூரத்தைத் தாண்டி ஓடும். கொழும்புப் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவது கேட்டது. இத்தனை வருடத்தில் எங்களுக்குக் கடல் தாண்டி ஒரு தொடர்பும் கிடைத்ததில்லை. கோமதி கூப்பிட்டாள். அவருக்கு எங்கள் குரல் கேட்டது. எங்கள் விவரத்தை எழுதிக்கொண்டார். அவர் தன் எண்ணைச் சொல்லும்போது குரல் அமிழ்ந்துபோனது. மறுபடி கேட்டாள். மறுபடி அமிழ்ந்தது. அப்போது மதுரை நண்பர் ரேடியோவில் நடுவே வந்து, "ஏம்மா, எனக்கு நல்லாக் கேக்குது, அவரு நம்பரை நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றார்.

அவர் சொல்லத் தொடங்கும் முன்பே கோமதி, "வேண்டாம் அண்ணே. சொல்லிராதீங்க. நாங்க கேக்கல" என்றாள்.

நீ காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டாய்: "அவருதான் கேட்டுச் சொல்லுதாருல்லா? எழுதிக்க வேண்டியதுதான? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா. நீங்க பேசாம கம்பத்த ரெண்டு விரக்கட கிழக்க திருப்புங்க. அங்கன இல்ல, இங்கன. கிழக்கு எதுன்னு தெரியுமா, பெங்களூர்ல வேற மாதிரியா?"

நீ திருப்பினாய். நான் சிரிக்காமல் இருக்க லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் மேலே வந்ததும் கொழும்புக்காரர் முழுதாக மறைந்துபோனார். கோமதி நாளெல்லாம் இடையிடையே அந்தப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அந்தத் தொடர்பு எங்கள் லாக்கில் இல்லை. இறங்கி வரும்போது நீ பேட்டரியைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே வந்ததைக் கவனித்தேன். கொஞ்சமும் அவசியமில்லாமல் அவளிடம் கட்டங்களைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாய்.

அடுத்த வாரம் உன் போன். "அந்தப் புளியங்குடிப் பிள்ளைக்கு வீட்டுல மாப்ள பாக்காங்களாம்மா?" ஏன் என்று கேட்டேன். "சும்மா, கேட்டுப் பாரேன்" என்றாய். கேட்டேன். பெண் கேட்டுப் போவது பெற்றவர்கள் வேலைதான், அதில் எனக்குக் குறையில்லை. அவள் அப்பாவின் எலுமிச்சைக் கமிஷன் கடையில், மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நானும் உன் அப்பாவும் பேசினோம். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நிச்சயம் ஆனதிலிருந்து நீங்கள் தினமும் பேசிக்கொள்கிறீர்கள், தெரியும். சினிமா, பிரிட்ஜ், யாருக்கு என்ன புடவை எல்லாம் நேராகப் பேசுகிறீர்கள். கஷ்டமானது மட்டும் என் வழியாக வருகிறது.

ஒன்று சொல்கிறேன், இதை நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கார்த்திகையில் அவள் என்னிடம், "அத்தை, பெங்களூர்ல அவங்க பாத்திருக்க அபார்ட்மெண்ட் மாடியில ஆன்டெனா வைக்க விடுவாங்களான்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். உன்னிடம் கேட்டேன். நீ "பாக்கலாம்னு சொல்லு" என்றாய். உன் குரலில் அது நடக்காது என்பது எனக்குக் கேட்டது. ஆனால் அவளிடம் போய், "வச்சுக்கலாம்னான்" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. அவள் முகம் வாடக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். இப்போது அவள் அலுமினியக் குழாய் வாங்கி, அளந்து அறுத்து, ஓரத்தையெல்லாம் அரம் போட்டு வைத்திருக்கிறாள். காற்றாலை அலுவலகத்தில் ஷிப்டு முடித்து வந்து செய்திருக்கிறாள். அதை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினாள். அபார்ட்மெண்ட் சங்கத்தில் என்ன சொன்னார்கள் என்பதை நீ அவளிடம் நேராகச் சொல்லிவிடு. நான் சொன்னது தவறு என்பதை நான் சொல்லிவிடுகிறேன். அது என் பங்கு.

இயந்திர ரிப்பீட்டர் வந்ததை வந்தபடி அனுப்பும். மனிதர்கள் அப்படி அனுப்புவதில்லை. உனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் நான் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "எனக்கு அப்பாவோட மோட்டார் ரிப்பேர்க் கடை வேண்டாம்மா, அந்த வார்னிஷ் வாடையே ஆகாது, அப்பாகிட்ட சொல்லிரு" என்றாய். நான் அவரிடம், "படிச்சுட்டு வந்து பாக்கேங்கான்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அவர் கடைக்குப் பக்கத்து அறையையும் வாடகைக்குப் பிடித்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்ற இன்னொரு மெஷின் வாங்கிப் போட்டார். நீ வேலைக்குப் போய் வெகு காலம் கழித்துத்தான் அதை விற்றார். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னிடம் மட்டும், "அவன் அப்படிச் சொல்லவே இல்ல, என்னட்டி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அன்னைக்கே சொல்லிருந்தா நான் என்ன அடிக்கவா போறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னது சரி. அவர் அடித்திருக்க மாட்டார். நீங்கள் இருவரும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள், பிறகு பேசியிருப்பீர்கள். அந்த ஒரு வாரம் வீட்டில் சத்தம் வரக் கூடாது என்று நான் நினைத்ததால் நீங்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு இருபது வயதில் நீ பிறந்தாய். உன் அப்பாவிடம் எனக்கு வேண்டியதைக் கேட்பதற்கு நான் அப்போது உன் பெரியம்மாவைத் தூது அனுப்பிக்கொண்டிருந்தேன். படிப்பை முடிக்க வேண்டும் என்பதைக்கூடப் பெரியம்மா வழியாகத்தான் கேட்டேன். அது எப்படியோ போய், எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று சேர்ந்தது. கடைசியில் ஒருநாள் கடைக்கே போய், உன் அப்பா கையில் கம்பியோடு நிற்கும்போது நேராகக் கேட்டேன். "இதுக்கா இத்தன நாளு மூஞ்சத் தூக்கிட்டு இருந்த? போய்ப் படி" என்றார். அப்படித்தான் பி.எஸ்ஸி. முடித்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

அதனால் கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு நான் சொல்ல நினைப்பது அதிகமில்லை. சரியாகக் கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல். பாதி கேட்டதை வைத்து மீதியை ஊகித்து எழுதிக்கொள்ளாதே. அவள் போட்டியில்கூட அப்படி எழுதவிடவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்று எத்தனை முறை கேட்டாலும் ரேடியோவில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். அப்படியும் கேள். அவள் சொன்னது உனக்குப் புரிந்தது என்பதை அவளுக்குத் தெரியப்படுத்து. புரிந்தது என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. விருந்து உனக்கு முக்கியம் என்றால் அதைச் சொல்வதில் கேவலம் ஒன்றுமில்லை. உன் பெரியப்பா நீ படிக்கிற காலத்தில் எவ்வளவு செய்தவர் என்பது அவளுக்குத் தெரியாது. நீ சொன்னால்தான் தெரியும். கடல் தாண்டிய அந்த ஒரு தொடர்பு அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பது உனக்கும் தெரியாது. இந்த வருடம் அதற்காகவே நீளமான ஆன்டெனா ஒன்றைச் செய்திருக்கிறோம். இரண்டையும் எடை போட வேண்டியது நீங்கள் இரண்டு பேர். நான் இல்லை.

இதை எழுதத் தொடங்கிய பிறகு இரண்டு காரியம் நடந்துவிட்டது, அதையும் சொல்கிறேன். நேற்று உன் அப்பா சாப்பிடும்போது, "அவன்கிட்ட சொல்லு, அண்ணன் விருந்த மாத்த முடியாது, பந்தலுக்கே சொல்லியாச்சு" என்றார். நான் போனை எடுத்து உன் நம்பரைப் போட்டு அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நீ எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பாய். தவறிய அழைப்பு என் பெயரில் இருக்கும். கூப்பிட்டது அவர். திருப்பிக் கூப்பிடும்போது அவருடைய நம்பருக்குக் கூப்பிடு.

இன்று மத்தியானம் கோமதி கூப்பிட்டாள். சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில், "அத்தை, அந்த ஞாயித்துக்கிழமை விருந்துக்கு என்னால வர முடியாதுன்னு அவங்ககிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்களேன். நான் சொன்னா தப்பா எடுத்துக்கிடுவாங்க" என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன் மக்கா. நீயே சொல்லு."

"என்ன அத்தை, நம்ம டீமுக்காகத்தான சொல்லுதேன்?"

"டீமுக்குன்னாலும் சொல்ல மாட்டேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள். "அத்தை" என்று சொல்லவில்லை, "அக்கா" என்றும் சொல்லவில்லை. ஆக, நீ இதைப் படித்து முடிக்கும்போது இரண்டு பேருக்கும் என் மேல் கோபம் இருக்கும். நீங்கள் பேசத் தொடங்குவதற்கு அது ஒரு நல்ல இடம்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு நான் இந்த வருடம் தனியாகக் கலந்துகொள்வதாக எழுதிவிட்டேன். கோமதி வரவில்லையென்றால் எங்கள் குழு உடைந்துவிடுமே என்ற பாரம் அவள் மேல் இருக்கக் கூடாது. உன் மேலும் இருக்கக் கூடாது. முந்தின நாள் வரை அதை மாற்றலாம், மாற்றுவதற்கு ஒரு வரி போதும். கரட்டில் மைக்கையும் பிடித்து ஆன்டெனாவையும் திருப்பி எழுதவும் ஒரே ஆளால் முடியும், முன்பு செய்திருக்கிறேன். ஆனால் எனக்கு அவள் வர வேண்டும் என்று இருக்கிறது. நிறையவே இருக்கிறது. இதை நீ அவளிடம் போய்ச் சொல்லிவிடாதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா